மூடுபனியில் கரை தெரியாத கவர்னர்

குதிரை வண்டிக் காலத்து அமெரிக்கா. அங்கே கவர்னரை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கணும். கவர்னர் பிட்கின் மறுபடியும் நின்றார். பேசுவதைத் தவிர அவருக்கு வேறு வேலை தெரியாது. ஆற்றின் கிழக்குக் கரை ஊரில், "இனி தலைநகரம் உங்க ஊர்தான்!" என்று முழங்கிவிட்டு, மேற்குக் கரைக்குப் போக ஓடம் ஏறினார்.

"மூடுபனி கண்ணை மறைக்குது ஐயா, கொஞ்சம் பொறுங்க" என்றாள் ஓடக்காரி கெசையா.

"இப்பவே கொண்டுபோய் விடு. இல்லன்னா இந்த ஓடத்துறையை என் மச்சானுக்குக் கொடுத்துடுவேன்."

துறை போனால் அவளுக்குச் சோறு போச்சு. துடுப்புப் போட்டாள். ஆறு எது, வானம் எது என்றே தெரியவில்லை. எல்லாம் பால் வெள்ளை. ஓடம் தூக்கத்தில் நடப்பது போல மிதந்தது. கவர்னர் கண்ணயர்ந்தார். கெசையா சத்தமே இல்லாமல் ஓடத்தைத் திருப்பினாள்.

கரை தட்டியது. பனிக்குள்ளே நிழல் நிழலாகக் கூட்டம். கவர்னர் எழுந்து கையை விரித்தார். "மேற்குக் கரைச் சிங்கங்களே! தலைநகரம் உங்களுக்குத்தான்! கிழக்கே இருக்கிற அந்த மாட்டுக் கொட்டகைக்கா கொடுப்பேன்?"

"நாங்கதான்யா அந்த மாட்டுக் கொட்டகை!" என்றது ஒரு குரல்.

கவர்னர் ஓடக்காரி பக்கம் திரும்பினார். "அடியே, இது எந்தக் கரை?"

"பனியில எனக்கும் தெரியலீங்க. நீங்க பேசினா தெரிஞ்சிடும்னு நினைச்சேன்."

கூட்டம் தண்ணீரில் இறங்கியது. "தள்ளு, தள்ளு!" என்று கவர்னர் அலறினார். கெசையா துடுப்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

"துறை யாருக்குங்க ஐயா?"

"உனக்குத்தான்! ஆயுசுக்கும் உனக்குத்தான்!"

அதை ஊரே கேட்டது. அவர் கொடுத்த வாக்கில் காப்பாற்றியது அது ஒன்றுதான்.