நூல் வைத்துக் கட்டிய மண்கூடு

குன்றின் சரிவில் துருத்திக்கொண்டிருந்த பெரிய பாறையின் அடியில் தகைவிலான் குருவிகள் மண்கூடு கட்டி வாழ்ந்தன. அவற்றில் ஒருத்தி செம்பி. போன பருவத்தில் அவள் முட்டையிட்டிருந்த நேரம் பூமி அதிர்ந்தது. கூடு பிளந்து கீழே விழுந்தது. ஒரு முட்டைகூட மிஞ்சவில்லை.

இந்தப் பருவத்தில் செம்பியும் அவள் துணைவன் நீலனும் மறுபடி கட்டத் தொடங்கினார்கள். சுவரை இரண்டு மடங்கு தடிமனாக்கினால் எந்த அதிர்வும் ஒன்றும் செய்யாது என்றான் நீலன். குளத்தங்கரை ஈரமண்ணைச் சுமந்து சுமந்து இருவருக்கும் அலகு வலித்தது.

சுவர் பாதி எழுந்திருந்தபோது பூமி லேசாகக் குலுங்கியது. அவ்வளவுதான், தடித்த சுவரில் நீளமாக விரிசல் விழுந்தது. பக்கத்தில் இருந்த சிலந்தி வலையோ இழுபட்டது, தொய்ந்தது, அதிர்வு நின்றதும் பழையபடி இறுகிக்கொண்டது. செம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலைக்குச் சொந்தக்காரி மாயி என்ற சிலந்தி. குருவியைக் கண்டதும் அவள் பாறை இடுக்கில் பதுங்கினாள். செம்பி தள்ளியே உட்கார்ந்து, பழைய வலையின் நூலைத் தந்தால் தன் குடும்பத்தில் யாரும் அவளைத் தொடமாட்டார்கள் என்று சொன்னாள்.

"இன்று நூல் கேட்கிறாய். நாளை உன் குஞ்சுகளுக்குப் பசித்தால்?" என்றாள் மாயி.

"பசித்தாலும் சொன்னது சொன்னதுதான்."

மாயி இடுக்கிலிருந்து மெல்ல வெளியே வந்து நூலைத் தந்தாள்.

நீலனுக்கு அது பிடிக்கவில்லை. "மண்ணுக்குள் நூலை வைத்தால் சுவர் தளர்ந்துபோகும்" என்றான்.

"தளரட்டும். தளர்ந்துவிட்டுத் திரும்பி வரட்டும். போன முறை நம் சுவர் தளரவே இல்லை, உடைந்துதான் போனது."

நீலன் மண் எடுக்கப் போனான். விரிசல் விட்ட சுவரை இடித்துவிட்டு, மண்ணும் நூலும் மாற்றி மாற்றி வைத்துக் கட்டினார்கள். குஞ்சுகள் பொரித்தன.

அவற்றுக்கு இறகு முளைப்பதற்குள் பெரிய அதிர்வு வந்தது. கற்கள் உருண்டன. மற்றக் கூடுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. நல்லவேளையாக அவற்றின் குஞ்சுகள் ஏற்கெனவே பறந்துவிட்டிருந்தன. செம்பியும் நீலனும் கூட்டை நெருங்க முடியாமல் வெளியே படபடத்தார்கள். அவர்கள் கண்ணெதிரே சுவர் வாய் பிளந்தது. பிளவின் வழியே ஒரு குஞ்சின் தலை தெரிந்தது. உள்ளே நூல்கள் விண்ணென்று இழுபட்டன, ஆனால் அறுந்துபோகவில்லை. அதிர்வு அடங்கியதும் அவை மெல்லச் சுருங்கி, பிளந்த சுவரை ஒன்றாக இழுத்து மூடின.

புழுதி படிந்தது. சத்தமே இல்லை. பிறகு உள்ளிருந்து வழக்கமான பசிக் கூச்சல் கிளம்பியது.

நீலன் கூட்டின் விளிம்பில் தொப்பென்று உட்கார்ந்தான். "இவ்வளவு இனிமையாக இதுகள் கத்தி நான் கேட்டதே இல்லை" என்றான். செம்பிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மறுநாள் மற்றக் குருவிகளும் நூல் கேட்டு வந்தன. எல்லோரிடமும் செம்பி தந்த அதே வாக்கை வாங்கிக்கொண்டாள் மாயி. அன்று முதல் அவள் பயமில்லாமல் வெட்டவெளியில் வலை பின்னினாள்.

உறுதியாக நிற்பதோடு, ஆட்டம் வரும்போது வளைந்துகொடுத்துத் தன் நிலைக்குத் திரும்பத் தெரிந்ததே நிலைத்து நிற்கும்.