லண்டனைப் பார்த்து உட்கார்ந்தவர்

கொட்டாவிப்பட்டியில் யோசனைக்குப் பஞ்சமே கிடையாது. அதில் ஒன்றாவது உருப்படியாக இருக்கிறதா என்று கேட்டால்தான் சங்கடம்.

அந்த ஊர்ப் பூவலிங்கத்துக்கு ஒரே மகள், செண்பகம். லண்டனில் வாழ்க்கைப்பட்டவள், ஏழு மாதக் கர்ப்பிணி. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று, அவளை அழைத்துவர அப்பாவே புறப்பட்டார். மருமகன் விமான டிக்கெட் எடுத்து அனுப்பி, அதில் போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம் என்று போனில் படித்துப் படித்துச் சொன்னார். பூவலிங்கமும் புரிந்த மாதிரியே தலையாட்டினார்.

டிக்கெட்டை வைத்துக்கொண்டு விரல்விட்டுக் கணக்குப் போட்டார். மெட்ராசில் காலை பத்துக்கு ஏறினால் லண்டனில் மாலை மூன்றுக்கு இறக்கிவிடுகிறார்கள். ஐந்தே மணி நேரம். திரும்பும்போதோ, அங்கே மாலை மூன்றுக்கு ஏறினால் இங்கே மறுநாள் காலை ஆறு. பதினைந்து மணி நேரம். வயிற்றுப்பிள்ளைக்காரி அத்தனை நேரம் எப்படி உட்கார்வாள்? மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை.

சேக்காளிகள் ஒச்சாண்டியும் சுடலைமணியும் டீக்கடையில் கூடி ஆராய்ந்தார்கள். போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம் என்றார் சுடலைமணி. ஆகாயத்தில் ஏது மேடு என்று ஒச்சாண்டி அதைத் தள்ளிவிட்டார். மூன்றாவது டீயில் அவருக்கே வெளிச்சம் கிடைத்தது.

"பாதை ஒண்ணுதாம்லே. லண்டனைப் பாத்து உக்காந்தா அஞ்சு மணி நேரம். மெட்ராசைப் பாத்து உக்காந்தா பதினஞ்சு. அம்புட்டுதான் சூட்சுமம்."

"அப்ப வரும்போதும் லண்டனையே பாத்து உக்காந்துர வேண்டியதுதானே?" என்றார் பூவலிங்கம்.

இவ்வளவு படித்த மருமகனுக்கு இது தோன்றவில்லையே என்று மூவரும் வருத்தப்பட்டார்கள்.

போகும்போது ஒரு தொல்லையும் இல்லை, ஏறியதும் தூங்கிவிட்டார். வரும்போதுதான் பாடு. இருக்கையில் முழங்காலிட்டு, பின்வரிசைக்காரர் முகத்தையே பார்த்தபடி இருந்தார். பணிப்பெண் வந்து முன்னால் திரும்பி பெல்ட் போடச் சொன்னாள். உடம்பைத் திருப்பினார், தலையைத் திருப்பவில்லை. பெல்ட் இடுப்புக்குத்தானே.

"யப்பா, கழுத்து சுளுக்கிக்கிடும். பேசாம முன்னால பாருங்க," என்றாள் பக்கத்தில் இருந்த செண்பகம்.

"நீ தூங்கு தாயி. ரெண்டு பேருக்கும் சேத்து அப்பா பாத்துக்கிடுதேன்."

மெட்ராசில் இறங்கியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். லண்டன் நேரம் லண்டன்காரர்களிடமே இருக்கட்டும் என்று அதன் முள்ளை அவர் தொட்டதே இல்லை. ஏறி இன்னும் பத்து மணி நேரம்கூட ஆகவில்லை என்றது அது. பூரித்துப்போனார். கழுத்து மட்டும் திரும்ப மாட்டேன் என்றது. வேனோடு காத்திருந்த சேக்காளிகளைப் பார்க்க அவர்களுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டியிருந்தது.

அஞ்சு மணி நேரத்தில் ஏன் வந்து சேரவில்லை என்று சுடலைமணி கேட்டார். கழுத்து மட்டும்தானே திரும்பியது, முழு உடம்பும் திரும்பியிருந்தால் அஞ்சுதான் என்றார் ஒச்சாண்டி.

ஆகவே வேனில் மூவரும் முழுசாகத் திரும்பி, பின்கண்ணாடியைப் பார்த்து மண்டியிட்டார்கள். செண்பகம் தலையில் அடித்துக்கொண்டு, சிரித்துச் சிரித்தே களைத்துப்போனாள். இத்தனை செய்தும் பாதி வழி தாண்டுவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. எங்கே தப்பு நடக்கிறது என்று பூவலிங்கம் வேன் முழுக்கத் தேடினார். கடைசியில் ஆள் அகப்பட்டான்.

"ஏன் டிரைவர் தம்பி, உள்ள பிள்ளைத்தாச்சி இருக்கா. நாங்க இம்புட்டுப் பேரு கஷ்டப்படுதோம். நீங்க ஒருத்தர் மட்டும் முன்னால பாத்தே ஓட்டிக்கிட்டிருந்தா, எப்பிடிய்யா ஊரு வந்து சேரும்?"