அறவாழி வாங்கிய சார்ஜர்

குருவிடம் கேட்பதற்கென்றே சில கேள்விகள் இருக்கின்றன. நான் யார், மனம் எங்கே இருக்கிறது, செத்த பிறகு என்ன ஆகும். அறவாழி இவற்றில் எதையும் கேட்கவில்லை. எந்த சார்ஜர் வாங்கலாம் என்று கேட்டார்.

ஜவ்வாது மலை அடிவாரத்தில், சாலையை விட்டு நன்றாக உள்ளே தள்ளி இருந்தது அந்தத் தியான இல்லம். நடத்தியவர் பூங்கோதை. முன்பு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவர் என்பதால் எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். யாராவது குரு என்று சொன்னால் அவர் முகம் சுருங்கிவிடும். டீச்சருக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது, அறவாழிக்கு அறுபதைத் தாண்டியிருந்தது. தன்னைவிட அவ்வளவு இளையவரிடம் சீடராக இருப்பதில் அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை.

அறவாழி லேசுப்பட்ட ஆள் இல்லை. வேலூர் சுற்று வட்டாரத்தில் ரத்தம் வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பிரசவம், விபத்து, ஆபரேஷன், எதுவானாலும் ஒரு போன் போதும். எந்த குரூப்காரர் எந்தத் தெருவில் இருக்கிறார், யார் கூப்பிட்டதும் கிளம்பி வருவார், யார் சாக்கு சொல்வார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதற்கென்றே தனியாக ஒரு போன் வைத்திருந்தார். ரத்த போன் என்று அதற்குப் பெயர். அது அணையக்கூடாது என்பதுதான் இருபது வருடமாக அவருடைய ஒரே விரதம். குளிக்கப் போனாலும் யாரையாவது அதன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, அடித்தால் கதவைத் தட்டச் சொல்லிவிட்டுத்தான் போவார்.

மனைவி செண்பகவல்லி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்திலும் அவர் தாழ்வாரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார், யார் யாருக்கோ ஏற்பாடு செய்துகொண்டு. உள்ளே கட்டிலருகில் இருந்தது மகள் யாழினி மட்டும். மனைவியின் உயிர் போனது அவருக்கு நர்ஸ் வந்து சொல்லித்தான் தெரியும். காரியம் முடிந்ததும் யாழினி மெல்பர்னுக்குத் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு நான்கு வருடமாக அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வலி தாங்காமல்தான் அவர் டீச்சரிடம் வந்து சேர்ந்தார். வந்தவர் ரத்த போனையும் கையோடு கொண்டுவந்தார்.

இப்போது யாழினியிடமிருந்து ஒரு மெசேஜ் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு வீடியோவில் பேசலாமா என்று கேட்டிருந்தாள். அறவாழி அதைக் கொண்டுவந்து டீச்சரிடம் காட்டினார்.

சிக்கல் கரண்டில் இருந்தது. இல்லத்தில் ஓடியது சோலார். அவருடைய அறையில் ஒரே ஒரு பிளக். எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒருமுறை கருகிப்போனதிலிருந்து அதற்கு அங்கே தடை. அவருடைய லேப்டாப்பிலோ பேட்டரி செத்து வெகுகாலம் ஆயிற்று. ஒயர் நழுவினால் அந்தக் கணமே அணைந்துவிடும். போனிலேயே பேசிவிட்டுப் போகலாம்தான். ஆனால் போனில் மகள் முகம் தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரியும். நான்கு வருடம் பார்க்காத முகம். பெரிதாகப் பார்க்க ஆசைப்பட்டார்.

அதனால் சில நாட்களாக ஆராய்ச்சியில் இருந்தார். அறுபத்தைந்து வாட், நூறு வாட், மூன்று போர்ட், நான்கு போர்ட். உள்ளங்கையில் அடங்குகிற புது ரகம் ஒன்று, பழையதுபோல் செங்கல் கனம் கனக்காது. யாழினிக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட மனிதர் இவ்வளவு விசாரித்திருக்கமாட்டார்.

"நூறு வாட், நாலு போர்ட். இதான் சரின்னு தோணுது டீச்சர். லேப்டாப், என் போன், ரத்த போன், எல்லாம் ஒண்ணுலயே போட்டுடலாம்."

"எல்லாத்துக்கும் நூறா?"

"இல்லல்ல. ஒண்ணு மட்டும் போட்டா அதுக்கு நூறு. ரெண்டாவது வந்தா அறுபத்தஞ்சு, முப்பதுன்னு பிரியும். மூணாவது வந்தா இன்னும் குறையும். யாருக்கு எவ்வளவு வேணும்னு அதுவே கேட்டுப் பிரிச்சுக் குடுத்துடும்."

டீச்சர் இன்னொன்று கேட்டார்.

"புதுசா ஒருத்தர் வந்து கேக்கறப்ப, ஏற்கெனவே வாங்கிக்கிட்டு இருக்கறவர் என்ன செய்வார்?"

"கொஞ்சம் விட்டுக் குடுப்பார். வேற என்ன?"

டீச்சர் எழுந்து உள்ளே போனார். தன் லேப்டாப்பின் சார்ஜரைச் சுருட்டி எடுத்துவந்து அறவாழியிடம் நீட்டினார். கறுப்பு நிறம், ஒரே ஒரு போர்ட்.

"ஞாயித்துக்கிழமைக்கு இது போதும் ஐயா."

அறவாழி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரியாதைக்காகப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுதான் போட முடியும் டீச்சர்."

"ஆமா."

அவர் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார். டீச்சருக்குத் தியானம் தெரிந்த அளவுக்கு இந்தச் சாமான்களெல்லாம் தெரியாது என்று நினைத்துக்கொண்டார். டீச்சரும் வற்புறுத்தவில்லை. ஞானம் சொல்கிறவர்களிடம் இது ஒரு கெட்ட பழக்கம். ஒருமுறை ஜாடை காட்டிவிட்டு மிச்சத்தை நம் தலையில் போட்டுவிடுவார்கள்.

சார்ஜர் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. சொன்னபடி சின்னதுதான், சட்டைப் பையில் போட்டால் துருத்தாது. அறவாழி மூன்று ஒயர்களையும் சொருகிவிட்டு லேப்டாப்பைத் திறந்து பார்த்தார். மூன்றும் ஏறின. மூன்றையும் முதலிலேயே சொருகிவிட்டதால் ஒரு கோளாறும் தெரியவில்லை. பரம திருப்தி.

ஞாயிற்றுக்கிழமை சவரம் செய்துகொண்டார். யாழினி வேலைக்குச் சேர்ந்த புதிதில் எடுத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டார். காலையிலிருந்தே ரத்த போன் ஓயவில்லை, அதைக் காதோடு வைத்துக்கொண்டேதான் எல்லாம் நடந்தது. பதினொரு மணி நெருங்கியபோது மனதைத் திடப்படுத்திக்கொண்டு அதை மேசையில் குப்புற வைத்தார். இந்த அரைமணி நேரம் அதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தார். அணைக்கத்தான் மனம் வரவில்லை.

யாழினி வந்தாள். இளைத்திருந்தாள். முடியைக் கழுத்துவரை வெட்டியிருந்தாள். அசைப்பில் செண்பகவல்லி மாதிரியே இருந்தாள். அறவாழி திரைக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். அங்கே குளிரா என்று கேட்டார். அவளும் அவருடைய சர்க்கரை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். இருவரும் தெரியாத வீட்டுக்கு வந்தவர்கள்போல ஜாக்கிரதையாகப் பேசிக்கொண்டார்கள். பிறகு அவள் பேச்சை நிறுத்திவிட்டு, குனிந்து தன் கையைப் பார்த்தாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். அம்மா கடைசியா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. நான்தான் கோவத்துல சொல்லாமலே வச்சுக்கிட்டேன்."

"சொல்லும்மா."

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். சொல்லத்தான் போகிறாள். அப்போது மேசையில் குப்புறக் கிடந்த ரத்த போன், சார்ஜ் தீரப்போகிறதென்று சின்னதாக ஒரு சத்தம் கொடுத்தது.

அறவாழி மகளிடமிருந்து பார்வையை எடுக்கவில்லை. அதைச் சத்தியம் செய்தே சொல்லலாம். கை மட்டும் போயிற்று. இருபது வருடம் பழகிய கை. அது தானாக ஒயரைத் தேடி எடுத்தது, தானாகப் போனில் சொருகியது.

புதிதாக ஒன்று வந்ததும் அந்தப் புத்திசாலி சார்ஜர் தன் கடமையைச் செய்தது. எல்லாவற்றையும் ஒரு நொடி நிறுத்திவிட்டு, யாருக்கு எவ்வளவு என்று முதலிலிருந்து பங்கு போட்டது. லேப்டாப் அணைந்துவிட்டது.

அவர் பட்டனை அழுத்தினார். திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. பதறிப்போய்த் தன் சொந்தப் போனை எடுத்தார், யாழினியைக் கூப்பிடத்தான் எடுத்தார். அந்த நேரம் பார்த்து ரத்த போன் அடித்தது.

எடுத்துவிட்டார்.

திருப்பத்தூரிலிருந்து ஒரு ஆள். மனைவிக்குப் பிரசவம், ரத்தம் நிற்கவில்லை, ஓ நெகட்டிவ் வேண்டும் என்று அழுதான். அறவாழி அவனுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தபோதே இடது கையில் சொந்தப் போன் அதிர்ந்தது. யாழினி என்று பெயர் தெரிந்தது. ஒரு காதில் அந்த ஆளின் அழுகை இருந்தது. இடது கையில் போன் அதிர்ந்து நின்றது. மறுபடியும் அதிர்ந்து நின்றது.

ஏற்பாடு முடித்துவிட்டு அவர் மகளைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் மெசேஜ் வந்தது.

'பரவாயில்ல. நீங்க பாருங்க.'

கட்டிலில் கிடந்தபடி செண்பகவல்லி ஒவ்வொரு முறையும் சொன்னதும் இதேதான். ஒரு எழுத்து மாறவில்லை.

சாயங்காலம் அறவாழி சார்ஜரைக் கையில் எடுத்துக்கொண்டு டீச்சரைத் தேடிப் போனார். டீச்சர் தோட்டத்தில் பப்பாளிக் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"இதை மாத்தணும் டீச்சர். புதுசா ஒண்ணைச் சொருகினா எல்லாத்தையும் நிறுத்திட்டுத்தான் பிரிக்குது. நிறுத்தாம பிரிக்கற மாதிரி எது இருக்குன்னு பாக்கணும்."

டீச்சர் என்ன நடந்தது என்று கேட்டார். அறவாழி சொன்னார். செண்பகவல்லி கடைசியாகச் சொல்லச் சொன்னதை யாழினி சொல்ல வாயெடுத்ததைச் சொன்னார், பேட்டரி செத்த லேப்டாப்பைச் சொன்னார், நின்றுபோன ஒரு நொடியைச் சொன்னார், இதைப் பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டாமா என்று கேட்டார். கதையைச் சார்ஜரோடு நிறுத்திக்கொண்டார்.

டீச்சர் குழாயை மூடினார்.

"அணைஞ்ச உடனே உங்க போன்ல கூப்பிட்டிருக்கலாமே."

அறவாழி பப்பாளிக் கன்றைப் பார்த்தார்.

"எடுத்தேன். அதுக்குள்ள ரத்த போன் அடிச்சுது. திருப்பத்தூர்ல ஒரு பொண்ணுக்குப் பிரசவம், ரத்தம் நிக்கலைன்னாங்க."

டீச்சர் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலாம் என்றும் இருந்தது.

"அந்தப் பொண்ணுக்கு ரத்தம் கெடைச்சுதா?"

"கெடைச்சுது. கொழந்தை பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லாருக்காங்களாம்."

"நல்லது," என்றார் டீச்சர். மனதாரத்தான் சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"உங்க சம்சாரம் என்ன சொல்லச் சொன்னாங்களாம்?"

"தெரியல டீச்சர்."

அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. அந்தத் தோட்டத்தில் நின்று, சார்ஜரைக் கையில் பிடித்துக்கொண்டு, வெட்கப்படாமல் அழுதார். இத்தனை வருடத்தில் செண்பகவல்லிக்காக அவர் அழுதது அதுதான் முதல் தடவை. டீச்சர் பக்கத்திலேயே நின்றார்.

"தப்பு எம்மேலயும் இருக்கு ஐயா," என்றார் கடைசியில். "அன்னிக்கு என் சார்ஜரை நீட்டிட்டு, ஏதோ பெரிய ஞானத்தைச் சொல்லிட்ட மாதிரி நிறுத்திக்கிட்டேன். அந்த ரத்த போனைக் குடுங்க, ஞாயித்துக்கிழமை நான் பேசறேன்னு கேட்டிருக்கணும். கேக்காம விட்டுட்டேன்."

"உங்களுக்கெதுக்கு டீச்சர் அந்தத் தொல்லை?"

"இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லையா?"

அறவாழி சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"செண்பகம் கேட்டா. ஆஸ்பத்திரியில. எங்கிட்ட குடுங்க, நான் படுத்துக்கிட்டே பேசறேன், நீங்க இங்க வந்து செத்த நேரம் உக்காருங்கன்னா."

"குடுத்தீங்களா?"

"எப்படிக் குடுக்கறது? அவளுக்கு எந்த குரூப் எங்க இருக்குன்னு தெரியாதே டீச்சர்."

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவர்போல நின்றார்.

சட்டைப் பையில் ரத்த போன் அடித்தது. அவர் கை எழுந்து பாதி வழி போயிற்று. டீச்சர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் நீட்டினார்.

"எனக்கும் தெரியாது," என்றார். "குடுங்க ஐயா."