செப்புக் குடத்துப் பெரியவர்

அக்கரைச் சீமையில் சண்டை நடந்த காலம். மத்திய வங்கியின் முத்திரை இல்லாமல் ஒரு குன்றிமணித் தங்கம்கூடக் கப்பல் ஏறக்கூடாது என்று உத்தரவு.

ஓர் உச்சிப்பொழுதில், சொந்த வங்கி நடத்திய நாகலிங்க முதலாளி செப்புக் குடம் ஒன்றை அணைத்தபடி துறைமுகத்துக்கு வந்தார். சோதனைக்கு நின்ற மத்திய வங்கி அதிகாரி அதைத் திறக்கச் சொன்னார்.

"எங்கப்பா அஸ்திங்க. ராமேஸ்வரத்துல கரைக்கணும். வாய்க்கட்டை அவிழ்த்தவன் வம்சம் விளங்காது."

அதிகாரி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். மூட்டை தூக்கும் வீரணனைக் கூப்பிட்டார்.

"திறக்காமலே உள்ளே என்னன்னு சொல்லு. இல்லேன்னா போர்முனையில பதுங்குகுழி வெட்டப் போ."

வீரணன் குடத்தில் காதை வைத்தான். வெகுநேரம் காதை எடுக்கவே இல்லை. காற்று நின்றுபோயிருந்தது. காகங்கள்கூடக் கத்தவில்லை.

"முதலாளி, பெரியவர் பேசுறாருங்க. வழியெல்லாம் குண்டு விழுதாம், பயமாயிருக்காம். அங்கேயும் இதே கடல்தானே, இங்கேயே கரைச்சிடுன்னு சொல்றார்."

சொன்ன வேகத்தில் குடத்தைப் பிடுங்கிக் கடலுக்கு மேல் நீட்டினான்.

"போட்டுடாதேடா, அத்தனையும் தங்கம்" என்று முதலாளி அவன் காலில் விழுந்தார்.

காவலர்கள் அவரை இழுத்துப் போனதும் அதிகாரி சிரித்தார். "பிணம் பேசுதுன்னு பொய் சொல்லியே ஆளைப் பிடிச்சிட்டியே."

வீரணன் சிரிக்கவில்லை. குடத்தை மெதுவாகக் கீழே வைத்தான்.

"கரைக்கச் சொன்னார்னதுதாங்க பொய். பேசினது நிஜம். 'தங்கத்துக்கு இடம் வேணும்னு என்னை எங்கேடா கொட்டினான் என் மகன்'னு கேட்டார். இன்னும் கேட்டுக்கிட்டுதான் இருக்கார்."