பாரத்தை மறைத்த சக்கர வீடு

ஒரு காலத்தில் ஒரு ஜீப்பும், அதன் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கப்படும் ஒரு சக்கர வீடும் முகம் கொடுத்துப் பேசாமல் ஊர் சுற்றிக்கொண்டிருந்தன. மேட்டில் ஏறும்போது ஜீப் முனகும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இறக்கத்தில் பிரேக் போட்டால் சக்கர வீடு நிற்காமல் வந்து ஜீப்பின் முதுகில் முட்டும்.

"தள்ளாதே, தள்ளாதேன்னு எத்தனை வாட்டி சொல்றது? உனக்கெல்லாம் உறைக்கவே உறைக்காதா?" என்று ஜீப் எரிந்து விழும்.

சக்கர வீடு என்ன, வேண்டுமென்றா தள்ளியது?

ஒரு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஜன்னலில் பூப்போட்ட திரை. சின்னையனும் அவர் மனைவி தெய்வாத்தாளும் ஆசை ஆசையாய்ச் செய்த வீடு அது. இருவரும் நூல் மில்லில் முப்பது வருஷம் ஷிப்டு பார்த்தவர்கள். மில் சங்குச் சத்தம் இல்லாத ஊரில், பிடித்த இடத்தில் கண் விழிக்க வேண்டும் என்பதுதான் தெய்வாத்தாளின் ஆசை. ஆனால் போன மாதம் பாலத்து இறக்கத்தில் வாங்கிய முட்டில் சின்னையனுக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னொருக்கா இப்படித் தள்ளுச்சுன்னா சக்கரத்தைக் கழட்டிப்போட்டு, செங்கல்லு மேல உட்கார வெச்சு, டீக்கடைக்குக் குடுத்துருவேன்" என்று அவர் சொன்னதைச் சக்கர வீடு தன் காதாலேயே கேட்டது. அன்றிலிருந்து அதற்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. வீடுகளுக்கு அப்படி ஒரு பழக்கம் இருந்தால்தானே என்று கேட்காதீர்கள். அந்தக் கவலை அப்படி.

கடைசியாக ஒரு தடவை மெக்கானிக் யூசுப்பின் பட்டறையில் காட்டிப் பார்க்கலாம் என்று முடிவானது. நாலு பேர் வந்து போகிற இடத்துக்கு வீட்டைப் போட்டது போட்டபடி அனுப்பத் தெய்வாத்தாளுக்கு மனசு வருமா? பாத்திரம், படுக்கை, அரிசி மூட்டை, கிரைண்டர் எல்லாவற்றையும் இறக்கினாள். தொட்டியைக் காலி செய்தாள். கோலம் ஒன்றுதான் பாக்கி, அப்படித் துடைத்து அனுப்பினாள்.

யூசுப் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "இதோட சக்கரத்துலயே கரண்டு பிரேக் இருக்குதுங்கண்ணா. எப்பப் பிடிக்கணும், எவ்வளவு பிடிக்கணும்னு அதுகிட்டச் சொல்றதுக்குத்தான் ஆள் இல்லை. ஒரு பிரேக் கண்ட்ரோலர் மாட்டிட்டாப் போதும்."

சக்கர வீடு திகைத்துப்போனது. இத்தனை நாள் திட்டு வாங்கினோமே, பிரேக் நம்மிடமேவா இருந்தது?

மேஜைமேல் இரண்டு கண்ட்ரோலர் டப்பாக்கள் உட்கார்ந்திருந்தன. பெரிய டப்பா பளபளவென்று விளக்குப் போட்டுப் பேசியது. "பிரேக்கை லேசா மிதி, ஓங்கி மிதி, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். எத்தனை அழுத்தம் வெச்சிருக்கோ அத்தனையும் குடுத்துருவேன். ஆள் பார்க்கிற வேலையே நம்மகிட்டக் கிடையாது."

"இவந்தான் ஆம்பளை" என்றது ஜீப்.

சின்ன டப்பா அமைதியாகச் சொன்னது. "வண்டி மெல்ல நின்னா நான் மெல்லப் பிடிக்கச் சொல்லுவேன். சட்டுன்னு நின்னா சட்டுன்னு சொல்லுவேன். ஆனா முதல்ல உங்க பாரத்துக்குத் தக்கபடி என்னைத் திருகி வெக்கோணும்."

டப்பாக்கள் பேசியது மனிதர்களுக்குக் கேட்கவில்லை. ஆனால் யூசுப் இரண்டின் குணத்தையும் விளக்கியதும் தெய்வாத்தாள் சின்னதைக் கையில் எடுத்தாள். "ஏனுங்க, எல்லாருக்கும் ஒரே சத்தம் போடற சூப்பர்வைசர்கிட்ட நாம பட்டது போதாதா? இது நூலோட இழுப்பைப் பார்த்துப் பேசற ஆளாட்டம் இருக்குது."

டப்பாவை ஜீப்பில் மாட்டி, யூசுப் பக்கத்தில் உட்கார, சமதளச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். அழுத்தத்தைக் கூட்டினால் சக்கரம் கட்டிக்கொண்டு கிறீச்சிட்டது. குறைத்தால் முட்டியது. டப்பாவின் திருகை மூன்றாம் எண்ணில் வைத்ததும் சொன்ன பேச்சுக் கேட்டு நின்றது.

"உன் பாரம் இவ்வளவுதானா?" என்று சின்ன டப்பா கேட்டது.

அப்போது பார்த்து ஜீப், "இன்னைக்குப் பூ மாதிரி வர்றியே" என்று சொல்லித் தொலைத்தது. அது ஜீப்பின் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. சக்கர வீட்டுக்கு அதைக் கெடுத்துக்கொள்ள மனமில்லை.

"இவ்வளவுதான்" என்றது.

மறுவாரம் எல்லாச் சாமானும் உள்ளே ஏறின. மலைக்குப் போனார்கள். தெய்வாத்தாள் மூன்று நாள் பனிக்குள் கண் விழித்தாள். நாலாம் நாள் இறங்கும்போது, மூன்றாவது வளைவிலேயே சக்கர வீடு ஜீப்பை நெட்டித் தள்ளியது. பக்கத்தில் பள்ளம். சின்னையன் எப்படியோ ஓரத்து அகலமான இடத்தில் நிறுத்திவிட்டு, டயருக்குக் கல் வைத்தார்.

"போதும் தெய்வா. கீழே போனதும் டீக்கடைக்காரருக்குச் சொல்லிடறேன்."

தெய்வாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"டப்பாவும் டுபாக்கூர்தானா?" என்று சீறியது ஜீப்.

"வேகம் எவ்வளவு குறையுதுன்னு எனக்குத் தெரியும். பாரம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. அதை நீங்கதான் சொல்லோணும்" என்றது சின்ன டப்பா. அதன் குரலில் கோபம் துளியும் இல்லை. திட்டியிருந்தால்கூடச் சக்கர வீடு தாங்கியிருக்கும்.

"நான் பொய் சொல்லிட்டேன்" என்றது சக்கர வீடு. "நான் கனம்தான். என்னைச் செங்கல்லு மேல இறக்கி வெச்சுருவாங்களோன்னு பயந்துட்டேன்."

சொல்லிவிட்டுத் தன் கதவுத் தாழ்ப்பாளைத் தானே நழுவ விட்டது. கதவு திறந்துகொண்டது. உள்ளே கிரைண்டர், குடங்கள், அரிசி மூட்டை எல்லாம் முன்பக்கம் சரிந்து குவிந்து கிடந்தன. வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் மூடிக்கொள்ளவில்லை.

தெய்வாத்தாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, பட்டறைக்கு அனுப்பறப்ப இது ஒண்ணுமே உள்ளே இல்லீங்களே. நாந்தானே எல்லாத்தையும் இறக்கி வெச்சேன். காலி வீட்டுக்கு வெச்ச அளவுங்க அது."

இருவருமாகச் சாமான்களை உள்ளே தரையில் பரப்பி அடுக்கிக் கட்டினார்கள். அடுத்திருந்த சமதளத்தில் மெல்ல ஓட்டிப் பார்த்தார்கள். நான்கில் முட்டியது. ஆறில் கிறீச்சிட்டது. ஐந்தில் வைத்தார்கள்.

பிறகு இறங்கினார்களே, அதைப் பார்த்திருக்க வேண்டும். சின்னையன் இரண்டாம் கியரில் போட்டு, வளைவுக்கு முன்னால் பிரேக்கைத் தொட்டார். தொட்ட அளவுக்குச் சின்ன டப்பா சொன்னது. சொன்ன அளவுக்குச் சக்கர வீடு தன் சக்கரங்களைப் பிடித்தது. முன்னால் ஒரு லாரி சட்டென்று நின்றபோது ஜீப், டப்பா, சக்கர வீடு மூன்றும் ஒன்றாய் நின்றன, ஒரு குடம்கூட அசையவில்லை. அட, உள்ளங்கை அகல டப்பா, தன்னிடம் ஒரு பிரேக்கும் கிடையாது, அது பார்த்த வேலையைப் பாருங்கள். சின்னையன் சீட்டியடிக்கத் தொடங்கினார். தெய்வாத்தாள் அடுத்து எந்த ஊர் என்று கேட்டாள்.

அடிவாரத்தில் நின்றதும் ஜீப்புக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முதுகில் ஒன்றுமே தெரியவில்லையே.

"ஏய், இருக்கியா? வழியில எங்காவது கழண்டுட்டியா?"

"இருக்கேன்" என்றது சக்கர வீடு. "இத்தனை நாளும் பின்னால வந்தேன். இன்னைக்குத்தான் கூட வர்றேன்."