ஆறு மில்லிக் காடி

புளியங்குடியில் கொம்பையா, ஆவுடையப்பன், சுடலைமுத்து என்று மூன்று பேர் கூட்டாக ஒரு மரப்பட்டறை நடத்தினார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருக்கிறது என்று ஊரில் பேச்சு. ஊர்க்காரர்களுக்குத் தாராள மனசு.

செண்பகவல்லி டீச்சர் தன் புது வீட்டுப் பூஜையறைக்குக் கதவு கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமை பால்காய்ப்பு. கதவின் ஓரத்தில் ஆறு மில்லி ஆழத்துக்குக் காடி எடுத்து, அந்தப் பள்ளத்தில் பித்தளைப் பட்டை பதிக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் கொம்பையாவின் கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டு, "ஒரு கோடு நேராப் போட வரலையே உனக்கு" என்று பெருமூச்சு விட்டவர் இந்த டீச்சர்தான். அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று கொம்பையாவுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. இதற்கென்றே புதிதாக, காடி வெட்டுகிற ரூட்டர் மெஷின் ஒன்று வாங்கினான்.

வியாழக்கிழமை காலையில் ஓட்டினான். காடி ஆரம்பித்த இடத்தில் ஆழம் ஆறு மில்லி. முடிந்த இடத்தில் பதினைந்து. பட்டையை வைத்துப் பார்த்தால் ஒரு முனை கதவோடு படிந்தது; மறுமுனை கிணற்றில் விழுந்ததுபோல் கிடந்தது.

"போகப் போக மெஷினுக்குப் பசி கூடுது" என்றான் ஆவுடையப்பன்.

மெஷின் விற்ற ஜெபராஜ் அண்ணாச்சிக்குப் போன் போட்டார்கள். "உள்ள மரத்தை வெட்டுத பிட்டு நழுவுது. கழுத்தை நல்லா இறுக்கிட்டு ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

"யார் கழுத்தை?" என்றான் சுடலைமுத்து.

"ஓட்டுதவன் கழுத்தைத்தான். மெஷினுக்கு ஏதுவே கழுத்து?" என்றான் ஆவுடையப்பன்.

கொம்பையா கழுத்தில் துண்டைச் சுற்றி ஆளுக்கொரு முனையாக இழுத்துப் பிடித்தார்கள். கண் பிதுங்க ஓட்டினான். இந்தத் தடவை பதினெட்டு மில்லி.

"இறுக்கினது பத்தலையோ?"

வேண்டாம் என்று கொம்பையா கையை ஆட்டினான். வாயால் சொல்ல முடியவில்லை.

மறுபடி போன். அண்ணாச்சி பதறினார். "நல்ல கதவுல ஏன் ஓட்டுதீங்க? முதல்ல ஒரு துண்டுல ஓட்டிப் பாருங்க!"

நல்லவேளை, துண்டு கழுத்திலேயே இருந்தது. விரித்துப் போட்டு மெஷினை வைத்தார்கள். கர்ரென்று ஒரு சத்தம். துண்டில் பாதி உள்ளே போய்விட்டது. மீதியைச் சுடலைமுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"எல்லா ஓட்டையும் ஒரே ஆழம். அப்போ மெஷின்ல குறையில்ல. கதவுலதான் குறை."

துண்டைப் பிய்த்தெடுக்க ஒரு மணி நேரம் ஆனது. மூன்றாவது போனில் அண்ணாச்சியின் குரலே தளர்ந்திருந்தது. "ஒரேயடியா இறக்காதீங்கப்பா. கொஞ்சம் கொஞ்சமா, மூணு தடவையா இறக்குங்க."

பட்டறை மாடியில் இருந்தது. படிக்குப் படி நின்று, கொஞ்சம் கொஞ்சமாக, கதவைத் தெருவுக்கு இறக்கினார்கள். மேலே தூக்கிவந்து மறுபடி இறக்கினார்கள். மூன்றாம் தடவை இறக்கும்போது ஆவுடையப்பனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அளந்து பார்த்தார்கள். அதே பதினெட்டு.

கொம்பையாவுக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கத் துண்டும் இல்லை. அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது.

"ஏல, ஆழம் கூடின பக்கம் மேல் மரத்தை இழைச்சா ஆழம் குறையும்லா?"

மற்ற இரண்டு பேரும் அவனைக் கட்டிக்கொண்டார்கள். இழைப்புளி எடுத்து அந்தப் பக்கம் இழைத்தார்கள். இந்தப் பக்கம் கூடிவிட்டது. இந்தப் பக்கம் இழைத்தார்கள், நடுவில் கூடியது. சீவல் முழங்கால் வரைக்கும் குவிந்தது. சாயங்காலம் டீச்சரே வந்துவிட்டார்.

கதவைத் தடவிப் பார்த்தார். அப்பளம்போல் வளைந்து கொடுத்தது.

"காடி எங்கே கொம்பையா?"

"இந்தா இருக்கே டீச்சர்! இந்த முனையில இருந்து அந்த முனைவரைக்கும் ஒரே ஆழம். நூல் பிசகாது."

"எவ்வளவு ஆழம்?"

"சைபர்" என்றான் கொம்பையா பெருமையாக.

டீச்சர் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார். "அப்போ பித்தளைப் பட்டையை எதுலப்பா பதிப்பே?"

கொம்பையா மூலையைக் காட்டினான். அங்கே ஆவுடையப்பனும் சுடலைமுத்தும் பட்டையைக் குறட்டில் மாட்டி, வியர்க்க விறுவிறுக்க அரத்தால் ராவிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு மில்லிதான் பாக்கி டீச்சர்" என்றான் சுடலைமுத்து. "அதுவும் சைபர் ஆனதும் கச்சிதமா உக்காந்துரும்."