பொட்டலத்துக்குள் ஒரு பெயர்

ஞானசிகாமணி பொட்டலம் கட்டுகிறவர். மளிகைப் பொட்டலம் இல்லை. பழைய கம்ப்யூட்டரிலும் மூச்சு வாங்காமல் ஓடும் ஒரு குட்டி பிரவுசரை, டெபியனுக்கு ஒன்று, ஃபெடோராவுக்கு ஒன்று என்று விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸில் வகை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கட்டி அனுப்புவார். அறுபது வயதில் அவருக்கு இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவள் பர்வீன். அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் "டீச்சரம்மா" என்றுதான் கூப்பிடுவார். அவள் அதட்டினால் நிஜமாகவே பயப்படுவார்.

ஒருநாள் காலை, மலையடிவாரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து மெயில் வந்தது. அங்கே பிள்ளைகளின் ஃபோல்டர்கள் எல்லாம் ஒரே சர்வரில் இருக்கின்றன. புது பிரவுசரைப் போட்டதிலிருந்து, எந்த கம்ப்யூட்டரில் அதைத் திறந்தாலும் மூன்று நொடி அசையாமல் நிற்கிறதாம். அந்த மூன்று நொடியில் சர்வர் ஒரு வரி எழுதிவைக்கிறதாம்: இளம்பிறையைத் தேடியது, இளம்பிறை இல்லை. எங்களிடம் அந்தப் பெயரில் யாரும் படிக்கவில்லை, பிள்ளைகள் மிரண்டுபோய் ஒரு நாற்காலியைக் காலியாகவே விட்டு உட்காருகிறார்கள் என்று வாத்தியார் எழுதியிருந்தார்.

சிரிக்கத் தொடங்கிய பர்வீன், ஞானசிகாமணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

இளம்பிறை அவருடைய மகள். காய்ச்சலில் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. யாருடைய ஃபைலும் இல்லாத சுத்தமான மெஷினில்தான் கட்டணும் என்று பர்வீன் படித்துப் படித்துச் சொல்லியும், மனுஷர் மகளின் லேப்டாப்பில், மகளின் கணக்கில் உட்கார்ந்துதான் இத்தனை நாளும் கட்டியிருக்கிறார். அவள் ஃபோல்டர் இருந்த இடம் அப்படியே பிரவுசருக்குள் பதிந்துவிட்டது. எந்த ஊரில் யார் திறந்தாலும் அது முதலில் அவளைத் தேடிப் போகிறது. அந்த லேப்டாப்பில் மட்டும் தேடியது கிடைத்துவிடுகிறது.

மற்ற இடங்களில் தேடல் கண் இமைக்கும் முன் முடிந்துவிடுவதால் இது யார் கண்ணிலும் படுவதில்லை, அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் வேறு கட்டித் தந்துவிடலாமே என்றார் அவர். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"மத்ததுல அது இருந்துட்டுப் போனா என்ன, டீச்சரம்மா?"

பர்வீன் வெறும் லினக்ஸ் மட்டும் இருந்த ஒரு கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள். பிரவுசர் எதையெல்லாம் தேடுகிறது என்று திரையில் தெரியும்படி வைத்துவிட்டு, அதைத் திறந்தாள். இளம்பிறை இல்லை என்று வந்தது. மூடினாள், திறந்தாள். இளம்பிறை இல்லை. மறுபடி திறந்தாள். மறுபடியும் அதே வரி. ஏழாவது தடவை அவர் திரையைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"எடுத்துட்டா எம்பொண்ணு நிஜமாவே இல்லாம போயிடுவாம்மா. இப்ப எத்தனையோ ஊர்ல அவளைக் கூப்பிடுதுல்ல?"

"மெஷின் கூப்பிடுது, சார். இல்லைன்னும் மெஷினே சொல்லிடுது." பர்வீன் கம்ப்யூட்டரை அணைத்தாள். "நீங்க அவ பேரைச் சொல்லி எத்தனை நாளாச்சு?"